உடைந்த ஹெட்போனும் ஒரு முழ நூலும்

2022 ஆம் ஆண்டு நோன்பு மாதம். தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூத்த மகள் படிக்கும் மேசையின் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். மேசையில் அவளுடைய ஹெட்போன் இரண்டு துண்டாகக் கிடந்தது. கட்டாரில் வேலை பார்க்கும் அவளது மாமா விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த வயரில்லாத ஹெட்போன் அது. இளைய மகன் இருட்டில் அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். அந்த நாட்களில் இருட்டுக்கு என்ன பஞ்சம்? மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை வாசக சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"ஒரு விளையாட்டுச் சாமானுக்கா இந்த அழுகை?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள்தான். தம்பிமார் இருவர், வயதான என் உம்மா, அடுப்படியில் பாத்திரச் சத்தம். இவற்றுக்கு நடுவில்தான் அவள் ஒன்லைன் வகுப்பில் இரசாயனவியல் படித்தாள். அந்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் அவளுக்கென்று கதவுள்ள ஓர் அறை கிடைத்தது போல. 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை பின்னர் 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு கண்டி நகருக்குப் போனேன். திருத்தும் கடையொன்றில் இருந்த தம்பி காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் நல்லா வருது மௌலவி, பற்றரியும் நல்லம். ஆனா இந்த பிளாஸ்டிக் துண்டு மட்டும் தனியா வராது. புதுசு ஒண்டு எடுங்க" என்றார். புதியதன் விலையையும் சொன்னார். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. ஆசிரியர் சம்பளத்தில் வாழும் வீட்டில் அந்த விலையைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒலி தரும் பாகம் நலம், காற்றில் வரும் அலையைப் பிடிக்கும் நுண்கருவி நலம், பற்றரி நலம். நகக்கண் அளவான ஒரு பிளாஸ்டிக் மூட்டு உடைந்ததற்காக முழுவதையும் குப்பையில் போடச் சொல்கிறார்கள். கண்டி மாநகரின் குப்பை கொஹாகொடவுக்குப் போகிறது. அது மகாவலி ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. உலக அளவில் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்சார, மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கிருப்பது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

வீட்டுக்கு வரும் வழியில் சுப்பர் குளூ குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது. உடைந்த இடத்தில் தாராளமாக ஊற்றி அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் கல் போல ஒட்டியது. மகள் சிரித்தாள். ஸஹருக்கு எழும்பி அதைத் தலையில் மாட்டுவதற்காகச் சற்று விரித்தாள். 'டக்' என்று அதே இடத்தில் விட்டுவிட்டது. அது மட்டுமா? வழிந்த பசை அடுத்த மூட்டுக்குள் போய் அதையும் இறுக்கிவிட்டது. சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்தது போல் ஒரு கறை.

ஏன் இப்படி? சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரப்பதத்தால் இறுகும் பசை. 1942 இல் அமெரிக்காவில் கொடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி ஹரி கூவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது இது கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று அப்போது ஒதுக்கி வைத்தார்கள். 1958 இல்தான் அது பசையாகக் கடைக்கு வந்தது. நேராக இழுத்தால் இது நன்றாகத் தாங்கும். வளைத்தால், உரித்தால் தாங்காது. இறுகிய பிறகு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை அதற்கு. ஹெட்போனின் கையோ மாட்டும்போதும் கழற்றும்போதும் வளைந்துகொண்டே இருப்பது. வெடித்த மூடி, விட்டுப்போன அலங்காரத் தகடு போன்ற அசையாத இடங்களுக்கு இது போதும். அசையும் மூட்டுக்கு இதை மட்டும் நம்பக்கூடாது.

என் மனைவி தையல் வேலை செய்பவர். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "துணி கிழிஞ்சா ஒட்டுறதா? தைக்குறதில்லையா?" என்று கேட்டார். பத்து வருடம் அரபுக் கல்லூரியில் படித்தவனுக்கு இது தோன்றவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள் என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவன் நான்.

அன்று நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று மூலையில் கிடக்கலாம்.

முதலில் ஹெட்போனை நிறுத்திவிட வேண்டும், சார்ஜ் வயரையும் கழற்றிவிட வேண்டும். இரு காதிலும் சத்தம் வருகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த கையின் உள்ளே மயிரளவு வயர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன. துண்டுகளை இழுத்துப் பிரித்தால் அவை அறுந்துவிடும். பிறகு நூலும் பசையும் உதவாது, ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டியதுதான். எங்களுடையதில் வயர் தப்பியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பழைய பசையைச் சிறு கத்தி முனையால் சுரண்டி எடுத்தோம். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தோம். தலையெண்ணெய் எங்கும் ஊறியிருக்கும், இதைச் செய்யாமல் எந்தப் பசையும் பிடிக்காது. உடைந்த முகங்களைச் சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டாம். அந்த மேடு பள்ளங்கள்தான் பூட்டும் சாவியும் போல் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்துபவை. வெளிப்புறத்தை மட்டும், உடைப்பின் இரு பக்கமும் அரை அங்குலம் வரை சொரசொரப்பாக்கினோம்.

இரு துண்டையும் சரியாகச் சேர்த்து, ஒரேயொரு சொட்டு சுப்பர் குளூவால் பிடிக்க வைத்தோம். தையலுக்கு முன் துணியைக் குண்டூசியால் குத்தி வைப்பது போலத்தான் இது. அடுத்தது முள்ளந்தண்டு. கடதாசி கிளிப் ஒன்றை நேராக்கி, இரண்டு சென்றிமீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டினோம். குறட்டால் பிடித்து மெழுகுதிரியில் சூடாக்கி, உடைப்புக்குக் குறுக்காக பிளாஸ்டிக்கில் வைத்து மெதுவாக அழுத்தினால் அது பாதி அமிழ்ந்து உட்காரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. உள்ளே வயர் போகும் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்.

பின்பு இரண்டு குழாய்களாக வரும் எபொக்சி பசை. எங்கள் பக்கத்தில் எந்த நிறுவனம் செய்ததானாலும் அதற்கு அரல்டைட் என்றுதான் பெயர். இரண்டையும் சம அளவு எடுத்து, பழைய ரீலோட் அட்டையொன்றின் மேல் பல்குத்தும் குச்சியால் நன்றாகக் கலக்க வேண்டும். 'கண்ணளவுக்குப் போதும்' என்று ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் அது கடைசி வரைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதைக் கம்பிகளின் மேல் பூசி, மனைவி பொலியெஸ்டர் தையல் நூலை எடுத்து உடைப்பின் மேல் நெருக்கமாகச் சுற்றினார். தேங்காய்த் துருவியின் பிடி விட்டுப்போனால் கயிறு சுற்றுவோமே, அதே சுற்று. இருபது சுற்று இருக்கும். அதன் மேல் இன்னும் சிறிது பசை தடவி, நூல் அதில் ஊறும்படி குச்சியால் அழுத்தினார். கறுப்பு நூல் போடலாமென்றேன் நான். "தெரிஞ்சா என்ன?" என்று பச்சை நூல்தான் போட்டார்.

உடுப்புக் கிளிப்பால் பிடித்து முழுதாக ஒரு நாள் விட்டோம். குளிர் கூடினால் இந்தப் பசை இறுகத் தாமதமாகும். கண்டி இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அவசரப்பட்டு அடுப்பு, வெயில், முடி உலர்த்தும் கருவி என்று எதிலும் பிடித்துவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மகளிடம் ஒரு நிபந்தனை வைத்தோம்: இனி அதை மடிக்கக்கூடாது. மடித்துப் பைக்குள் வைக்கும் வசதி போனால் போகட்டும். உடைப்பு மூட்டின் நடுவிலேயே இருந்தால், மூட்டையே நிமிர்ந்த நிலையில் பசையால் நிரப்பி அசையாமல் பூட்டிவிடுவதே நல்லது என்பேன். ஒட்டவும் வேண்டும் மடியவும் வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் கிடைப்பதில்லை.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. துண்டின் உட்புறத்தைக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் ஏபிஎஸ், பிசி, பிஏ என்று சிறிய ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். ஏபிஎஸ் என்றால் அதிர்ஷ்டம். குழந்தைகளின் லெகோ கட்டைகளும் அதே பொருள்தான். அது அசற்றோனில் கரையும். பழைய லெகோ கட்டையொன்றைச் சுரண்டி, சிறு கண்ணாடிப் போத்தலில் சிறிது அசற்றோனுடன் ஓரிரவு ஊறவைத்தால் பாகு போல வரும். அதைப் பூசினால் ஒட்டுவதல்ல, இரண்டும் உருகி ஒன்றாகவே ஆகிவிடும். கியூடெக்ஸ் அகற்றும் திராவகம் சிலவற்றில் அசற்றோன் இருக்கிறது, சிலவற்றில் இல்லை, போத்தலைப் படித்துப் பாருங்கள். இது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வேண்டவே வேண்டாம். பிசி என்பது பொலிகாபனேற். அசற்றோன் பட்டால் அது கரைவதை விட்டு வெடித்து வெளுக்கும். பிஏ என்பது நைலோன். அதற்கு அசற்றோன் ஒன்றும் செய்யாது, கம்பியும் நூலும்தான் வழி.

சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பொருளைக் கையாள்வது எமது மலைநாட்டுக்குப் புதிதுமல்ல. மாத்தளைப் பக்கம் ஹப்புவிதையில் பரம்பரையாக அரக்கு வேலை செய்கிறார்கள். அரக்கைச் சூடாக்கி நூலாக இழுத்து, மரத்தின் மேல் வைத்து, கைவிரல் நகத்தாலேயே வெட்டிப் பூ வரைவார்கள். பிளாஸ்டிக் வருமுன் உலகத்துக்கு அரக்குதான் பிளாஸ்டிக். பழைய கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்கில்தான் வார்க்கப்பட்டன.

ஒரு சில்லே காணாமல் போய் ஓட்டை விழுந்திருந்தால் அடுப்படி அப்பச் சோடா கைகொடுக்கும். ஓட்டையில் சிறிது தூவி, அதன் மேல் சுப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் அந்த நொடியே கல்லாகும். மெல்லிய படையாக இரண்டு மூன்று முறை செய்து, சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொள்ளலாம். சூடும் காரமான ஆவியும் வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். சுப்பர் குளூ பருத்தித் துணியில் ஊறினாலும் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். சிந்தியதை முந்தானையால் துடைக்கும் பழக்கமுள்ள சகோதரிகள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்க வேண்டும்.

இனி, மேலே விட்ட காரணம். காதுக் கிண்ணங்களில் ஒன்றினுள் லிதியம் பற்றரி இருக்கிறது. வெள்ளி நிறப் பொட்டலம் போலிருக்கும். அதைக் குத்தினாலும் நசுக்கினாலும் சூடாக்கினாலும் தீப்பற்றும். ஆகவே சூடான கம்பி வேலையெல்லாம் தலைப்பட்டையிலும் கையிலும் மட்டும்தான், கிண்ணத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. கிண்ணத்தைத் திறந்து பார்த்தபோது பற்றரி உப்பியிருந்தால் வேலையை அத்துடன் விட்டுவிடுங்கள். அதைக் குப்பையோடு எரிப்பது ஆபத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் நிறைவேற்றிய பற்றரிச் சட்டத்தில், சிறு கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியவாறு 2027 பெப்ரவரி முதல் செய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. பிளாஸ்டிக் மூட்டுக்கும் யாராவது இப்படியொரு விதி போட்டால் நல்லது.

காதுப் பஞ்சுறையின் தோல் கறுப்புச் செதிலாக உரிவது இன்னொரு தொல்லை. அது உண்மைத் தோலல்ல, பொலியூரித்தேன் பூசிய துணி. ஈரப்பதமும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைத்துவிடுகின்றன. இது தைக்கத் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேர வேலை. பழைய மெல்லிய பருத்திச் சட்டையில் வட்டமாக வெட்டி, ஓரத்தில் இலாஸ்டிக் வைத்து உறை தைத்துப் போட்டுவிடலாம். கிழமைக்கொரு முறை கழற்றிக் கழுவவும் முடியும். ஒலி வரும் நடுப்பகுதியை மட்டும் மூடாமல் விடுங்கள், தடித்த துணி சத்தத்தை மங்கச் செய்யும்.

மகள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை பச்சை நூல் அவிழவில்லை. அதற்கு அடுத்த வருடம் மறுபக்கக் கை உடைந்தது. அன்று நான் பாடசாலையிலிருந்து வரும்போது மேசையில் மெழுகுதிரியும் குறடும் கிடந்தன, ஹெட்போன் உடுப்புக் கிளிப்போடு அலுமாரியின் மேல் தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. இம்முறை நூல் சிவப்பு.