கைப்பேசி மின்கலம் ஏன் தளர்கிறது?

அம்பர்நாத்திலிருந்து மும்பைக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ரயிலில் பயணம் செய்கின்றனர். வாங்கிய புதிதில் அவர்களது கைப்பேசி வீடு திரும்பும்வரை தாங்கும். சில ஆண்டுகள் கழிந்தபின், திரும்பும் வழியில் கல்யாண் வருமுன்பே அது அணைந்துவிடுகிறது. வீட்டில் காத்திருப்போர் அழைத்தழைத்துக் கவலை கொள்கின்றனர்.

காரணம் மின்கலத்தினுள் உள்ளது. லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்வாய் பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. பென்சிலில் களிமண்ணுடன் கலந்திருக்கும் கரிய பொருளும் அதுவே. அதில் கரி அணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்டிருக்கும். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் அத்தாள்களின் இடையே புகுந்து தங்குகின்றன, பயன்படுத்தும்போது வெளியேறுகின்றன. ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது நிறைந்த கணக்கு. அப்போது கிராஃபைட் ஏறத்தாழ 10 விழுக்காடு பருக்கிறது. அயனிகள் வெளியேறினால் சுருங்குகிறது.

முதன்முறை மின்னேற்றும்போதே மின்பகுளி நீர்மம் சிறிது சிதைந்து, கிராஃபைட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. இப்படலம் கேடன்று, காவல். இது இல்லையேல் மின்பகுளி தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால், படலம் உருவாக லித்தியம் செலவாகிறது, செலவானது மீளாது. கிராஃபைட் பருத்துச் சுருங்கும்போது படலம் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் புதுப்படலம் படிகிறது. லித்தியம் மேலும் குறைகிறது. நெற்குதிரின் விரிசலை அடைக்க, உள்ளிருக்கும் நெல்லையே அரைத்துப் பூசுவது போன்றது இது.

வெப்பம் இவ்வினையை விரைவுபடுத்தும். தலையணையின் அடியில் கைப்பேசியை வைத்து மின்னேற்றுவது ஆகாத வழக்கம். கடுங்குளிரிலோ அளவு மீறிய விரைவிலோ மின்னேற்றினால், தாள்களினுள் புக இயலாத லித்தியம், கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அது ஊசிபோல் வளர்ந்து நேர்மின்வாயைத் தொட்டால் மின்கலம் தீப்பற்றவும் கூடும். அம்பர்நாத்தில் அத்தகைய குளிர் இல்லை. அங்கு வெப்பமே பகை.

லித்தியம் அயனி மின்கலங்களை ஆராய்வோர் தமிழ்நாட்டிலும் உள்ளனர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அதே மாவட்டத்தின் தலைநகரான சிவகங்கையை அடுத்து, தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட்டை வெட்டியெடுக்கிறது. வெட்டியெடுத்த கிராஃபைட் அப்படியே மின்கலத்திற்கு உதவாது. மாசு நீக்கி, 99.95 விழுக்காடு தூய்மையாக்கிய கிராஃபைட்டே எதிர்மின்வாய்க்கு ஏற்றது.