அந்தப் படம் எந்த டிஸ்கில் இருக்கிறது?

2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் ஒரு ஜேபெக் கோப்பை 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விற்றது. பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க ஓவியர் மைக் விங்கல்மன், தினம் ஒன்றாக 5,000 நாட்கள் வரைந்தவற்றையெல்லாம் சேர்த்து ஒட்டிய படம் அது. வாங்கியவர் சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன். ஏலப் பட்டியலில் கோப்பின் அளவைக்கூட ஒரு பைட் பிசகாமல் அச்சிட்டிருந்தார்கள்: 31,91,68,313. பிளாக்செயினில் உள்ள படம் என்றுதான் அப்போது பலரும் எழுதினார்கள். படம் பிளாக்செயினில் இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டோக்கன் ஏறிய ஈதரியம் பிளாக்செயினில், ஓர் ஒப்பந்த நிரலின் சேமிப்பில் 32 பைட் எழுத அப்போது 20,000 ‘கேஸ்’ ஆனது. கேஸ் என்பது அந்தச் சங்கிலியில் வேலைக்கான கூலி அலகு. இந்தப் படத்தை 32 பைட்டாக நறுக்கினால் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான துண்டுகள் வரும். கூலி ஏறத்தாழ 20,000 கோடி கேஸ். அன்றைக்கு ஒரு பிளாக்கில் மொத்தமே 1.25 கோடி கேஸ்தான் கொள்ளும். ஆக 16,000 பிளாக் வேண்டும். 13 விநாடிக்கு ஒரு பிளாக் என்றால், உலகத்தில் வேறு ஒருவரும் ஒரு பரிவர்த்தனையும் செய்யாமல் ஏறத்தாழ இரண்டரை நாள் வழிவிட வேண்டும். ஒரு படத்துக்கு!

எனவே சங்கிலியில் ஏறியது ஒரு குறிப்பு மட்டுமே. ஏலத்தில் கைமாறிய உரிமைச் சீட்டான என்எஃப்டி டோக்கனில் 46 எழுத்துள்ள ஒரு முகவரி; அதைப் பிடித்துப் போனால் ஒரு சிறு விவரக் கோப்பு; அதற்குள் படத்தின் முகவரி. இரண்டும் ஐபிஎஃப்எஸ் முறையிலானவை. ஹுவான் பெனெட்டின் புரோட்டோகால் லேப்ஸ் 2015இல் வெளியிட்ட முறை இது. இதில் முகவரி என்பது கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. கோப்பு எது என்பதைச் சொல்லும். உள்ளடக்கத்தை ஹாஷ் செய்து, அதாவது கைரேகைபோல ஒரு குறுகிய குறியீடாகச் சுருக்கி, கிடைப்பதே முகவரி. படத்தில் ஒரு பிக்சல் மாறினாலும் முகவரி முழுதாக மாறிவிடும்.

இதன் அருமை கம்பெனி மூடும்போது தெரியும். பீப்பிள் படத்தின் விவரக் கோப்பில், டோக்கனை வெளியிட்ட மேக்கர்ஸ்பிளேஸ் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் படத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. ஆனால் இணைப்பின் வாலில் ஹாஷ் இருக்கிறது. படத்தின் நகல் வைத்திருக்கும் எவரும் அதை மறுபடி வலையில் ஏற்றலாம். அதே படம்தானா என்று எவரும் சரிபார்க்கலாம். 2022 நவம்பரில் திவாலான எஃப்டிஎக்ஸ் பரிமாற்றகத்தில் கோச்செல்லா இசை விழாவின் என்எஃப்டி வாங்கியவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுடைய டோக்கன்கள் நிறுவனத்தின் சாதாரண இணைய முகவரியைத்தான் காட்டின. படம் போய், திவால் நடவடிக்கைப் பக்கம் வந்து நின்றது.

ஆனால் ஹாஷ் அடையாளம்தானே தவிர, இருப்புக்கு உத்தரவாதம் அல்ல. ஐபிஎஃப்எஸ்ஸில் யாராவது ஒருவர் கோப்பை ‘பின்’ செய்து வைத்திருந்தால்தான் அது இருக்கும்; இல்லாவிட்டால் கணினிகள் இடம் காலி செய்யும்போது துடைத்துவிடும். மையமற்ற சேமிப்பு என்று இன்று விற்கப்படும் ஒவ்வொன்றும், அடிப்படையில், அந்த ஹார்ட் டிஸ்குக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு விடை. ஒப்பிடுவதாக இருந்தால் அந்த விடைகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

2020 அக்டோபரில் ஓடத் தொடங்கிய ஃபைல்காயின் சொல்லும் விடை வாடகை முறை. வைத்திருப்பவர் உண்மையிலேயே வைத்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் அழகான கணிதம் இருக்கிறது. தரவை 32 ஜிகாபைட் பெட்டிகளில் போட்டு, ஒவ்வொரு நகலையும் தனித்தனியாக உருமாற்றி ‘சீல்’ செய்கிறார்கள். ஒரே நகலைக் காட்டி மூன்று நகல் என்று ஏமாற்ற முடியாது. பிறகு ஒரு நாளை 48 அரைமணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அரைமணி ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்துக்குள் தற்செயலாகத் தேர்ந்த பகுதிகளுக்குச் சான்று தர வேண்டும். தவறினால் முன்கூட்டிக் கட்டிய பிணையில் கை வைப்பார்கள். சான்று பிரமாதம், திரும்ப எடுப்பதுதான் சங்கடம். சீல் செய்யாத நகலைத் தனியே வைக்காத வழங்குநரிடமிருந்து கோப்பைப் பெற மணிக்கணக்கில் ஆகலாம். விலையும் முழு உண்மை அல்ல. சரிபார்க்கப்பட்ட தரவை ஏற்பவருக்குப் பத்து மடங்கு காயின் வரவு என்பதால், பலர் இலவசமாகவே வாங்கி வைத்தார்கள். அந்த மலிவு காயினின் சந்தை விலையைப் பொறுத்தது.

2018இல் வந்த ஆர்வீவ் வேறு விடை சொல்கிறது: ஒரே முறை கட்டணம், நிரந்தரச் சேமிப்பு. கட்டணத்தின் பெரும்பகுதி ஒரு மூலதன நிதிக்குப் போகும். இன்றைய விலையில் 200 ஆண்டுச் செலவை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள்; சேமிப்புச் செலவு ஆண்டுக்கு அரை சதவீதமாவது குறைந்தால் அந்த நிதி தீராது என்பது கணக்கு. சோழர் காலக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை விட்டுவைத்த அதே யோசனைதான்: முதல் கரையாது, வரும் நெய்யில் விளக்கு எரியும். (கல்வெட்டு இருக்கிறது, ஆடுகள் எங்கே என்று கேட்கக் கூடாது.) டிஸ்க் விலை இதுவரை அரை சதவீதத்தைவிட மிக வேகமாகவே குறைந்திருக்கிறது. என் சந்தேகம் டிஸ்க் விலையைப் பற்றியதல்ல. நிதி முழுவதும் ஆர்வீவின் சொந்த டோக்கனில் கிடக்கிறதே, அதைப் பற்றியது.

மூன்றாவது வகை, கோப்பை முழு நகலாக எடுக்காமல் சிதறடிப்பது. ஸ்டோர்ஜ் வெளியிட்ட வடிவமைப்பில் 64 மெகாபைட் பகுதி ஒவ்வொன்றும் 80 துண்டாகும். எந்த 29 கிடைத்தாலும் முழுசாக மீட்கலாம். வேகமானது, அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3க்கு எழுதிய நிரலையே ஏறத்தாழ அப்படியே ஓட்டலாம். ஆனால் துண்டுகள் எங்கே என்ற ஏட்டை வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வர்கள்தான். 2025 மார்ச்சில் சூயி சங்கிலியின் மேல் வந்த வால்ரஸும் துண்டாக்கும் ரகமே. சுமார் ஐந்து மடங்கு இடம் எடுக்கும். வாடகை கட்டினால்தான் நீடிக்கும்.

இதில் செயற்கை நுண்ணறிவுக்கு என்ன வேலை? பயிற்சிக்கு நேரடியாக எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான ஜிபியூக்களுக்குத் தரவு ஊட்ட, அதே கட்டடத்தில் வேகமான டிஸ்க் வேண்டும். மாடலை ஊருக்குக் கொடுக்கவும் காயின் தேவையில்லை: பிரான்ஸின் மிஸ்ட்ரல் நிறுவனம் 2023 செப்டம்பரில் தன் முதல் மாடலை ஒரு டோரன்ட் இணைப்பாக வெளியிட்டது.

உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. படம் வரையும் மாடல்களைப் பழக்கிய லயான்-5பி தொகுப்பில் 585 கோடி படங்கள் என்பார்கள். தொகுப்பில் இருப்பவை படங்கள் அல்ல, இணைய முகவரிகள். அந்தத் தளங்களில் பல காலாவதியாகி விற்பனைக்கு வரும். அவற்றை வாங்கி, படங்களை மாற்றிவைத்தால், பிறகு இறக்குபவர் நஞ்சை இறக்குவார். இதன் முன்னோடியான லயான்-400எம் போன்ற தொகுப்பில் 0.01 சதவீதத்தை வெறும் 60 டாலருக்கு நஞ்சாக்கியிருக்கலாம் என்று 2023இல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் ஹாஷ் இருந்தால் இந்த வேலை செல்லாது.

அதே லயான்-5பி எதிர்ப்பக்கத்தையும் காட்டியது. 2023 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதில் சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்களுக்கான இணைப்புகளைக் கண்டுபிடித்தார்கள். தொகுப்பை உடனே இறக்கி, சுத்தம் செய்து, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி வெளியிட்டார்கள். படங்களோடு அது ஆர்வீவில் ஏறியிருந்தால் எதை இறக்குவது? அங்கே ஒவ்வொரு கணினிக்காரரும் தாமாக மறுத்தால் உண்டு. 2023இன் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது.

என் கருத்தில், பெரும்பாலான செயலிகளுக்குத் தரவு சாதாரண கிளவுடில், ஹாஷ் மட்டும் சங்கிலியில் என்பதே போதும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. வாடிக்கையாளரின் செல்போன் எண்ணை ஹாஷ் செய்து சங்கிலியில் போட்டுவிட்டு, எண் மறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இந்திய செல் எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கேம் ஆட வாங்கிய ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி ஹாஷ் போடும். சில விநாடிகளில் எண் வெளியே வந்துவிடும், அதுவும் அழிக்க முடியாத ஏட்டிலிருந்து. எண்ணோடு நீளமான ரகசிய எண் ஒன்றைச் சேர்த்துத்தான் ஹாஷ் எடுக்க வேண்டும். அந்த ரகசிய எண்ணை வைக்கும் இடம், சங்கிலிக்கு வெளியே, வேண்டும்போது அழிக்கக்கூடிய ஒரு சாதாரண டேட்டாபேஸ்.