உங்களுக்குத் தெரியுமா? கிறிஸ்துமஸ் அன்று நடக்காத கிறிஸ்துமஸ் சந்தை

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரச் சந்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கி, டிசம்பர் 24 அன்றே கடையைக் கட்டிவிடும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. சூப்பர் மார்க்கெட்டுகளும் அடைப்புதான். பண்டிகை பார்க்க 25ஆம் தேதி போய் இறங்குபவர் ஏமாந்துதான் போவார்.

டிசம்பரில் மாலை நாலேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அதனால் நகரின் கோட்டையைப் பகலிலும், சிவப்பு வெள்ளைப் பட்டைத் துணி வேய்ந்த சந்தைக் கடைகளை இருட்டிய பிறகும் பார்ப்பதே சரி. அங்கே பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயினுக்குக் குவளை முன்பணமும் சேர்த்தே வாங்குவார்கள். குவளையைக் கொடுத்தால் பணம் திரும்பும். விரல் நீளத் தொத்திறைச்சி மூன்றை ஒரே பன்னுக்குள் செருகித் தருவது இவ்வூர் வழக்கம்.

அங்கே போக இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு, பயணத்துக்கு 15 நாள் முன்பு. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.