எது முதல் அணி? அமெரிக்கக் கல்லூரி மைதானத்தில் தீராத வழக்கு

“எல்லாக் காலத்திலும் தலைசிறந்த கல்லூரி அணி எது?”

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். தட்டில் இருக்கும் சாப்பாடு ஆறிப் போகும். கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காது! அப்பனும் மகனும் ஆளுக்கொரு கட்சி. அப்பன் நெப்ராஸ்கா என்பார், மகன் மயாமி என்பான். தாத்தா உயிரோடு இருந்தால் ராணுவக் கல்லூரி அணியை இழுப்பார். 1869-ல் தொடங்கிய ஆட்டத்துக்கு இன்றுவரை தீர்ப்பு எழுதிய நீதிபதி இல்லை.

பிள்ளைகளை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருக்கும் வாசகர்கள் நம்மில் உண்டு. சனிக்கிழமை வந்தால் ஊரே அடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறது என்று பிள்ளைகள் போனில் சொல்லக் கேட்டிருப்பார்கள். அது என்ன ஆட்டம், அதில் என்ன வழக்கு என்று பார்ப்போம்.

பேர்தான் கால்பந்து

அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் நம் பையன்கள் ஆடும் கால்பந்து அல்ல அது. பந்து உருண்டை இல்லை. இரு முனையும் கூர்மையான நீள்வட்டம். பெரும்பாலும் கையில்தான் பிடித்து ஓடுவார்கள், வீசுவார்கள். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு சேர்த்தால் ‘டச் டவுன்’, அதற்கு 6 புள்ளி. தலையில் கவசம், தோளில் அட்டை கட்டிக்கொண்டு மோதுகிறார்கள்.

1869 நவம்பர் 6-ந் தேதி ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதியதையே முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்று பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. போகப் போக முரட்டுத்தனம் கூடி, 1905-ல் ஆட்டத்தில் சிலர் உயிரையே விட்டார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துக் கண்டித்தார். அதன் பிறகுதான், 1906-ல், பந்தை முன்பக்கமாக வீசலாம் என்ற விதி வந்தது.

இந்த ஒரு விதியே வழக்கைக் குழப்பப் போதும். 1901-ம் ஆண்டு மிச்சிகன் அணி 11 ஆட்டம் ஆடி, மொத்தம் 550 புள்ளி எடுத்தது. எதிரிகள் எடுத்தது எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! 1902 ஜனவரி 1-ந் தேதி கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு அணியை 49-0 என்று நொறுக்கியது. நேரம் முடியும் முன்பே ஸ்டான்போர்டு “போதும்” என்று கையெடுத்துவிட்டது. ஆனால் அந்த மிச்சிகன் வீரர்கள் பந்தை முன்னால் வீசியே அறியாதவர்கள். அவர்களை இன்றைய அணியோடு எந்தத் தராசில் நிறுப்பது?

பட்டம் கொடுத்தது பத்திரிகை

நம் நாட்டில் சந்தோஷ் டிராபி என்றால் கடைசி ஆட்டத்தில் வென்றவனுக்குக் கோப்பை. வழக்கில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டத்தில் நெடுங்காலம் அப்படி ஒரு கடைசி ஆட்டமே கிடையாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் பட்டம் கொடுக்கிறது. இந்த மேல்மட்ட ஆட்டத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகை நிருபர்களிடம் வாக்கு வாங்கி வரிசைப் பட்டியல் போட்டது. பட்டியலில் முதலில் நின்றவனே சாம்பியன்!

ஆபீசில் சீனியாரிட்டி பட்டியல் ஒட்டினாலே அரை நாள் வேலை நின்றுபோகும். ஒரு தேசத்துக்கே பட்டியல் போட்டால் சும்மா இருப்பார்களா?

1947-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டர் டேம், மிச்சிகன் இரண்டுமே தோல்வி காணாதவை. வாக்கெடுப்பில் நோட்டர் டேம் முதலிடம் பெற்றது. பிறகு புத்தாண்டு தினத்தில் ‘ரோஸ் பவுல்’ ஆட்டத்தில் மிச்சிகன் அணி தெற்கு கலிபோர்னியாவை 49-0 என்று வீழ்த்தியது. அதே தெற்கு கலிபோர்னியாவை நோட்டர் டேம் வென்றது 38-7 என்றுதான். கூச்சல் கிளம்பியது. செய்தி நிறுவனம் மறுபடி ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. மிச்சிகனுக்கு 226, நோட்டர் டேமுக்கு 119! ஆனால் இந்த இரண்டாவது வாக்கு கணக்கில் சேராது, முதல் தீர்ப்பே நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரு ஊர்க்காரர்களும் இன்றும் இதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

1969-ல் ஜனாதிபதி நிக்ஸனே நேரில் வந்துவிட்டார். டெக்ஸாஸ் அணி ஆர்கன்சாவை 15-14 என்று வென்றதும், அதுவே நாட்டின் முதல் அணி என்று அவர் அறிவித்துவிட்டார். அதே ஆண்டில் ஒரு தோல்விகூடக் காணாத பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ரசிகர்கள் கொதித்தார்கள். நாட்டின் முதல் குடிமகன் சொல்லியும் வழக்கு தீரவில்லை!

1998 முதல் முதலிரண்டு அணிகளை மோதவிடும் ஏற்பாடு வந்தது. 2014-ல் நான்கு அணிகளும், 2024-ல் 12 அணிகளும் மோதும் முறை வந்தது. இப்போது அந்தந்த ஆண்டுக்குக் கோப்பை உண்டு. எல்லா ஆண்டுக்கும் சேர்த்துக் கோப்பை கொடுக்க யாரால் முடியும்?

வாதாடும் அணிகள்

வழக்கமாகப் பெயர் அடிபடும் அணிகள் சில.

ராணுவக் கல்லூரி, 1945: ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி. எடுத்தது 412, கொடுத்தது 46. பிளான்சார்டு, டேவிஸ் என்ற இருவர் எதிரிகளைச் சிதறடித்தனர். நோட்டர் டேமை 48-0 என்று வென்றது. எதிர்வாதம்: போர்க்காலம். மற்றக் கல்லூரிப் பையன்கள் எல்லாம் பட்டாளத்தில் இருந்தபோது பட்டாளக் கல்லூரி ஜெயித்ததில் என்ன அதிசயம்?

ஒக்லஹாமா, 1956: 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 வெற்றி கண்ட அணியின் ஓர் ஆண்டு. அந்தச் சாதனையை மேல்மட்ட அணி எதுவும் முறியடிக்கவில்லை. கடைசியில் நோட்டர் டேம்தான் 7-0 என்று அந்த ரதத்தை நிறுத்தியது.

நெப்ராஸ்கா, 1971: 13 ஆட்டம், 13 வெற்றி. ஒக்லஹாமாவை அதன் ஊரிலேயே 35-31 என்று வென்ற ஆட்டத்தை ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்கிறார்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடத்தில் நின்ற மூன்று அணிகளும் நெப்ராஸ்காவிடம் தோற்றவையே!

அதே நெப்ராஸ்கா, 1995: எந்த ஆட்டத்திலும் 14 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தில் வென்றதில்லை. இறுதியில் புளோரிடாவை 62-24 என்று துவைத்தெடுத்தது. ஒரே ஊரில் இரண்டு அணிகள் போட்டி. அங்கே வீட்டுக்குள்ளேயே வழக்கு!

மயாமி, 2001: இந்த ஒரே அணியிலிருந்து 38 பேரைத் தொழில்முறைக் குழுக்கள் தேர்ந்தெடுத்தன. அதில் 17 பேர் முதல் சுற்றிலேயே போனவர்கள். ஆட்கள் பலத்தை வைத்துப் பார்த்தால் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் வர்ஜீனியா டெக் அணியிடம் 26-24 என்று தப்பிப் பிழைத்ததையும் எதிர்க்கட்சி விடாமல் எடுத்துச் சொல்கிறது.

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 2019: 15 ஆட்டம், 15 வெற்றி. ஜோ பர்ரோ என்ற இளைஞர் அந்த ஒரே ஆண்டில் 60 டச் டவுன்களுக்குப் பந்து வீசினார். இறுதி ஆட்டத்தில் கிளெம்சனை 42-25 என்று வென்றார்கள்.

இவர்களில் யார்? கணக்கை மட்டும் பார்த்தால் நான் 1995 நெப்ராஸ்கா பக்கம் சாய்வேன். நெருக்கடி என்பதே தெரியாமல் ஓர் ஆண்டு முழுவதையும் முடித்தவர்கள் அவர்கள். ஆனால் கணக்கு மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி.

மைதானத்துக்கு வெளியே நின்றவர்கள்

இந்தப் பட்டியல்களைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, 1960-களின் இறுதிவரை கறுப்பர்களைத் தங்கள் அணியில் சேர்க்கவே இல்லை. நிக்ஸன் முதல் அணி என்று அறிவித்தாரே, அந்த 1969 டெக்ஸாஸ் அணியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. அப்படிப் பட்டம் பெற்ற கடைசி அணி அதுவே.

தங்கள் ஊர்க் கல்லூரி சேர்க்காத பையன்கள் வடக்கே போனார்கள். டெக்ஸாஸில் வளர்ந்த புப்பா ஸ்மித், தெற்கு கரோலினாக்காரரான ஜார்ஜ் வெப்ஸ்டர் போன்றவர்களைக் கொண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1966-ல் மாபெரும் அணியை அமைத்தது. அது நோட்டர் டேமோடு 10-10 என்று சமன் செய்தது. அந்த ஆண்டு எல்லா ஆட்டத்திலும் வென்ற அலபாமாவுக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. “எங்களை ஏமாற்றிவிட்டார்கள்” என்று அலபாமா ரசிகர்கள் புலம்புகிறார்கள். வென்ற கணக்கில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தன் மாநிலத்துக் கறுப்பு இளைஞன் எவனையும் மைதானத்துக்குள் விடாத அணி, நாட்டின் முதல் அணி என்று எப்படிக் கேட்பது?

1970 செப்டம்பர் 12-ந் தேதி அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் இதற்குப் பதில் கிடைத்தது. தெற்கு கலிபோர்னியா அணி வந்து 42-21 என்று அலபாமாவை வீழ்த்தியது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பு வீரர் அன்று 135 கெஜம் ஓடினார். அலபாமா முதல் கறுப்பு மாணவரை உதவித் தொகையோடு சேர்த்திருந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டில் கறுப்பு வீரர் அலபாமா சட்டை அணிந்து ஆடினார். அதன் பிறகு அலபாமாவின் வெற்றிகள் குறையவில்லை.

அழைப்பு வராத அணி

இப்போது யாருடைய பட்டியலிலும் அதிகம் காணாத ஓர் அணியைச் சொல்கிறேன். 1951-ம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். கத்தோலிக்கப் பாதிரிமார்களின் சிறிய கல்லூரி. ஒன்பது ஆட்டம் ஆடியது, ஒன்பதிலும் வெற்றி. ஆலி மேட்சன் என்ற வீரர் அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக கெஜம் ஓடியவர்.

பணமுடையில் இருந்த கல்லூரிக்குப் புத்தாண்டு ‘பவுல்’ ஆட்டத்துக்கு அழைப்பு வந்தால் போதும். வரும் பணத்தில் அணியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் தெற்கிலிருந்து வந்த சேதி வேறு. அணியின் கறுப்பு வீரர்களான மேட்சனையும் பர்ல் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் அழைக்கலாம் என்றார்கள். வீரர்கள் ஒன்றுகூடி, அப்படியானால் யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அழைப்பு வரவில்லை. பணமும் வரவில்லை. அந்தப் பருவத்தோடு கல்லூரி பெரிய ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. செய்தி நிறுவனத்தின் பட்டியலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் 14. முதலிடம் டென்னசி அணிக்கு. பட்டம் வாங்கிய அந்த டென்னசி, புத்தாண்டு தினத்தில் மேரிலாண்டிடம் 28-13 என்று தோற்றது! ஆனாலும் பட்டம் அதனிடமே இருந்தது. அந்தக் காலத்தில் வாக்கெடுப்பு பவுல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

மேட்சன் அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்றார். டோலர், தொழில்முறை லீக்கில் நடுவராக நின்ற முதல் கறுப்பர் ஆனார். மேட்சன், மார்ச்செட்டி, செயிண்ட் கிளேர் ஆகிய மூவர் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றனர். ஒரு சிறிய கல்லூரியின் ஒரே அணியிலிருந்து மூவர் அங்கே போனது சாமானியமல்ல.

1951 சான்பிரான்சிஸ்கோ அணியும் 1995 நெப்ராஸ்கா அணியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? நெப்ராஸ்காதான். அதில் சந்தேகமே வேண்டாம். உடற்கட்டு, பயிற்சி, வசதி எல்லாம் நாற்பது ஆண்டில் எவ்வளவோ மாறிவிட்டன. பலமான அணி எது என்று கேட்டால் நெப்ராஸ்காவையோ மயாமியையோ சொல்லிவிட்டுப் போகலாம். ‘சிறந்த’ என்ற சொல்லுக்குப் பலத்துக்கு மேல் ஏதாவது பொருள் உண்டென்றால், கூட ஆடியவனை விட்டுக்கொடுக்க மறுத்து, வரவேண்டிய பணத்தையும் பெயரையும் இழந்த அந்தப் பையன்களுக்கே என் ஓட்டு.

இதை அமெரிக்க ரசிகர்கள் ஒப்புக்கொள்வார்களா? மாட்டார்கள். வரும் சனிக்கிழமையும் வாதாடுவார்கள். ஆனால் அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் அந்த வாதத்தில் உட்கார நேர்ந்தால், எத்தனை ஆட்டம் வென்றது, எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்பதோடு நிற்காமல், அந்த அணியில் சேர யாருக்கு உரிமை இருந்தது என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். பட்டியலில் பாதி அதிலேயே மாறிப் போகும்.