குசினியில் "சுர்" என்றால் சும்மா விடாதீர்கள்

லண்டனில் எங்களில் பலர் குடியிருப்பது பழைய வீடுகளில். ஈஸ்ட்ஹாம் பக்கம் நூறு வருடத்தைத் தாண்டியவை. ஹறோ பக்கம் 1930களில் கட்டியவை. அந்த நாட்களில் ஒரு குசினிக்கு ஒன்றிரண்டு பிளக் போதும். இன்று கேத்தில், மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், மிக்சி, உழுந்து அரைக்கும் கிரைண்டர், டிஷ்வாஷர், மின்சார அடுப்பு என்று எல்லாம் வந்துவிட்டன. அலுமாரியும் மாபிளும் மாற்றப் பல ஆயிரம் பவுண் செலவழிக்கிறோம். சுவருக்குள் இருக்கும் வயரை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இது எலக்ரீசியனின் விடயம், சுகாதாரப் பக்கத்தில் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மின்சாரம் தாக்குவது இதயத்தையும் தோலையும் என்பதால்தான்.

உயிருக்கு எவ்வளவு போதும்?

மின்னோட்டத்தை அம்பியரில் அளப்பார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி அம்பியர். ஏறத்தாழ 1 மில்லி அம்பியரில் "சுர்" என்று உணர்வோம். 10 அளவில் கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 50, 100 என்று ஏறி அது நெஞ்சின் ஊடாகப் போனால், இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கலாம். இரத்த ஓட்டம் நின்று சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

பிளக்கில் இருக்கும் பியூஸ் 13 அம்பியர். அதாவது 13,000 மில்லி அம்பியர். அது போவதற்கு முன்பே மனிதர் போய்விடுவார். பியூஸ் இருப்பது வயர் எரியாமல் காப்பதற்கு; உங்களைக் காப்பதற்கு அல்ல. "பியூஸ் இருக்கிறதுதானே" என்ற நம்பிக்கையை முதலில் விடவேண்டும்.

மனிதரைக் காப்பதற்கென்று உள்ள கருவி ஆர்.சி.டி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் பூட்டும் வகை, 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். 2008இல் வந்த 17ஆம் பதிப்பு வயரிங் விதிகளின் பின்னரே வீட்டுப் பிளக்குகளுக்கு இது பொதுவான தேவையாயிற்று. அதற்கு முன் வயரிங் செய்த வீட்டில் இது இல்லாமல் இருக்கலாம். உங்கள் பியூஸ் பெட்டியைத் திறந்து, சோதிப்பதற்கான சிறு பொத்தான் உள்ள சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே நிற்கவேண்டும். ஆனால் ஆர்.சி.டி.யும் எல்லாவற்றையும் தடுக்காது. தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிப்பதை அது அறியாது.

ஊரிலிருந்து வந்த கிரைண்டர்

கோயம்புத்தூரில் வாங்கிய கிரைண்டர் இங்கும் வேலை செய்யும். இரு நாட்டிலும் 230 வோல்ட்தான். பிளக்தான் பொருந்தாது. உடனே யாராவது அதை வெட்டி, இரண்டு வயரை மட்டும் இணைத்து, பச்சை எர்த் வயரைச் சுருட்டி விட்டுவிடுவார்கள். அல்லது எர்த் இல்லாத அடப்டரில் செருகுவார்கள். உள்ளே காப்பு தேய்ந்து உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்தால், எர்த் வழியாக அது போய்விட வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால், தொடுகிறவரே வழியாகிவிடுவார்.

வேறொரு வருத்தத்துக்காக என்னிடம் வந்த ஒரு அம்மா சொன்னார்: "கிரைண்டரைத் தொட்டால் கொஞ்சம் சுர் என்று இருக்கும் டொக்டர். செருப்புப் போட்டுக்கொண்டுதான் அரைக்கிறனான்." செருப்பு நிலத்துக்குப் போகும் வழியை ஓரளவு தடுக்கலாம். ஆனால் ஒரு கை கிரைண்டரிலும் மறு கை தண்ணீர்க் குழாயிலும் இருந்தால்? அப்போது பாதை கையிலிருந்து கைக்கு, நேரே நெஞ்சின் ஊடாக. உழுந்து மா பட்ட ஈரக் கையில் தோலின் தடையும் வெகுவாகக் குறைந்துவிடும். "சுர்" என்பது எச்சரிக்கை. அன்றே அந்தக் கிரைண்டரை நிறுத்திவிட வேண்டும்.

போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்தத் திறமை எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் டைனமோவின் சில வோல்ட் பிழையை மன்னித்தது. 230 வோல்ட் மன்னிக்காது.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள்

- பிளக்கோ சுவிட்சோ சூடாக இருத்தல், பழுப்பு நிறமாதல்
- மீன் வாடை போன்ற அல்லது பிளாஸ்டிக் கருகும் மணம்
- அடுப்பைப் போட்டதும் விளக்கு மங்குதல், சிமிட்டுதல்
- பியூஸ் அடிக்கடி போதல்
- ரப்பர் உறையுள்ள வயர், கம்பி மாற்றும் பழைய பியூஸ் பெட்டி

ஒரு கேத்தில் 3000 வாட். அதற்கே ஏறத்தாழ 13 அம்பியர் தேவை. அதோடு மைக்ரோவேவையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் அளவு மீறிவிடும். சற்று மீறினால் பியூஸ் உடனே போகாது, வயர்தான் சூடேறும். கேத்தில் போன்றவற்றை நேரே சுவர்ப் பிளக்கில் செருகுங்கள். பெரிய மின்சார அடுப்புக்குப் பியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டும்.

யாரை அழைப்பது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிகளுக்குள் வருகிறது. புதிய இணைப்புச் சுற்று, பியூஸ் பெட்டி மாற்றம் போன்றவற்றை என்.ஐ.சி.இ.ஐ.சி, நாப்பிட் போன்ற திட்டங்களில் பதிவான எலக்ரீசியனிடம் கொடுங்கள். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வீடு விற்கும்போதும் அது தேவைப்படும். சொந்த வீட்டில் பத்து வருடத்துக்கு ஒரு முறை வயரிங்கைச் சோதிப்பது நல்லது. இங்கிலாந்தில் வாடகை வீடென்றால், 2020ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டுச் சொந்தக்காரர் குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதித்து, அறிக்கையின் பிரதியை உங்களுக்குத் தரவேண்டும். கேட்பது உங்கள் உரிமை. சொந்தக்காரர் எங்கள் ஊரவர் என்பதற்காகக் கேட்காமல் இருக்கவேண்டாம்.

மின்சாரம் அடித்துவிட்டால்

ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த மரத் தும்புத்தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் 999ஐ அழைத்து, நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தவேண்டாம்.

தீக்காயமென்றால் மோதிரம், காப்பைக் கழற்றி, குழாயின் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். மின்சாரத் தீக்காயம் வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம். வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். மயங்கி விழுந்தவர், நெஞ்சுவலியோ படபடப்போ உள்ளவர், கர்ப்பிணி ஆகியோரும் உடனே போகவேண்டும். அங்கே இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். மற்றவர்கள் 111இல் ஆலோசனை கேட்கலாம்.

இன்றிரவு இரண்டு காரியம் செய்யுங்கள். பியூஸ் பெட்டியில் ஆர்.சி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் அம்மாவிடமோ மாமியிடமோ கேளுங்கள்: "குசினியில் எதையாவது தொட்டால் சுர் என்று இருக்கிறதா?" கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள்.