தீவுச் சுற்றுலா: கடலுயிர்களின் அபாயத்தை எடுத்துரைப்பது யார் பொறுப்பு?

பெங்களூரு: கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரு, அந்தமானுக்கு நேரடி விமானத் தொடர்புள்ள நகரங்களில் ஒன்றாகும். 2024 மார்ச் இறுதியில் இங்கிருந்து லட்சத்தீவின் அகத்திக்கும் விமான சேவை தொடங்கப்பட்டது. நீச்சல் குளத்தில் மட்டுமே நீந்திப் பழகிய நகரவாசி, சில மணி நேரப் பயணத்தில் பவளப்பாறைகளின் நடுவே இறங்கிவிட முடிகிறது. ஆனால், அந்த நீரில் என்னென்ன வாழ்கின்றன, அவற்றிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்கிறார்கள்?

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. அந்தமானின் ஹேவ்லாக் தீவிலுள்ள ராதாநகர் கடற்கரையை 2004-இல் 'டைம்' இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை எனப் பாராட்டியது. அதே கடற்கரையை ஒட்டிய பகுதியில் 2010 ஏப்ரலில், முகமூடி அணிந்து நீந்திக் கொண்டிருந்த அமெரிக்க இளம்பெண் ஒருவரை உவர்நீர் முதலை தாக்கிக் கொன்றது. 2018-இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட இத்தீவின் ராதாநகர் கடற்கரை, 2020-இல் 'நீலக்கொடி' சான்றிதழும் பெற்றது. விருதுகளால் கடலின் இயல்பு மாறிவிடுவதில்லை.

முதலைகள் வாழும் நீர்

ஊர்வனவற்றில் மிகப் பெரியதான உவர்நீர் முதலை கழிமுகத்தில் மட்டும் வாழ்வதல்ல. கடலில் நீந்தித் தீவுவிட்டுத் தீவு செல்லக்கூடியது. 2004 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலப்பரப்பு சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. வயல்களில் உப்புநீர் புகுந்து, மனிதக் குடியிருப்புகளை ஒட்டியே புதிய சதுப்புநிலங்கள் உருவாயின. இறைச்சி, மீன் கழிவுகளை ஓடைகளில் கொட்டும் வழக்கமும் முதலைகளை ஊரருகே ஈர்க்கிறது. ஆகவே மோதலுக்கு முதலையை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்கக் கூடாது. அந்தி சாய்ந்தபின் குளிப்பதும், ஓடை கடலில் கலக்கும் இடங்களிலும் அலையாத்திக் காடுகளின் ஓரத்திலும் நீந்துவதும் ஆபத்தை வலிய அழைப்பதாகும்.

தொடாதிருப்பதே காப்பு

முதலையைத் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பாலான கடலுயிர்கள் மனிதரைத் தேடி வந்து தாக்குவதில்லை. மிதிக்கப்படும்போதும் பிடிக்கப்படும்போதும் தற்காத்துக் கொள்கின்றன. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையின் வால்முள் நெஞ்சில் தைத்ததால், 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலிய வனவிலங்கு ஆர்வலர் ஸ்டீவ் இர்வின் உயிரிழந்தார். ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிச் சென்றுவிடும். பாறை போலவே தோற்றமளிக்கும் கல்மீனிடமிருந்து காக்கத் தடித்த காலணி உதவும். அழகிய வரிகள் கொண்ட கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. உள்ளிருக்கும் நத்தையின் நஞ்சு உயிரைப் பறிக்க வல்லது.

திருக்கை, கல்மீன் முள் குத்தினால், காயத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், அதாவது சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருப்பது வலியைக் குறைக்கும்; அதன்பின் மருத்துவரை நாடுவது அவசியம். மார்பிலோ வயிற்றிலோ ஆழமாகத் தைத்த முள்ளைப் பிடுங்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கோவா கடற்கரைகளில் 2020 நவம்பரில் இரண்டே நாள்களில் 90-க்கும் மேற்பட்டோர் சொறிமீன்களால் தீண்டப்பட்டனர். தீண்டிய இடத்தை மணலால் தேய்ப்பதும், நன்னீரால் கழுவுவதும் நஞ்சை மேலும் பரவச் செய்யும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் அகற்ற வேண்டும். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் சற்றும் தாமதிக்கக் கூடாது.

கடல் பாம்பின் கடி அரிது. பெரும்பாலும் வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் மீனவரே கடிபடுகின்றனர். ஆனால் இந்தியாவில் தயாராகும் கூட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு நிலப்பாம்புகளின் நஞ்சைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. கடல் பாம்பு அதில் இல்லை. மீனவருக்கும் பயணிக்கும் பொதுவான இந்தக் குறையைக் களைவது அரசின் கடமை.

சட்டம் சொல்வதும் இதுவே

உவர்நீர் முதலை, கடலாமைகள், பவளம், கடல் அட்டை ஆகியன வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இவ்வட்டவணை உயிர்களை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை. 2022 திருத்தத்தின்படி அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் சட்டவிரோதமே.

பெங்களூருவிலுள்ள தக்ஷின் அறக்கட்டளையும் இந்திய அறிவியல் கழகமும் அந்தமான் வனத்துறையுடன் இணைந்து, லிட்டில் அந்தமானில் முட்டையிடும் ஏழுவரி ஆமைகளை ஆராய்ந்துள்ளன. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளுள் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வரையிலும், சில ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரையிலும் நீந்திச் சென்றன. இத்தகைய ஆமை இரவில் கரையேறும்போது கைவிளக்கும் கேமரா ஒளியும் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். முதலைகள் உலவும் நேரமும் அதே இரவுதான். இருட்டில் கடற்கரைக்குச் செல்லாதிருந்தால் ஆமையும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பர்.

மனிதரைக் காக்கும் விதியும் கடலுயிரைக் காக்கும் விதியும் ஒன்றே: விலகி நில், தொடாதே, உணவிடாதே. இந்த மூன்று சொற்களைப் பயணச்சீட்டுடன் பயணியின் மொழியில் அச்சிட்டுத் தர அதிகச் செலவாகாது. பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகக் கர்நாடக அரசு 2024-இல் அறிவித்தது. அதுபோல் கடலுயிர்களால் ஏற்படும் காயங்களும் முறையாகப் பதிவு செய்யப்பட்டால், எந்தக் கடற்கரையில் எந்த மருந்து தேவை என்பதும் தெளிவாகும். தீவுகளின் அழகை விளம்பரம் செய்யும் மத்திய அரசும் யூனியன் பிரதேச நிர்வாகங்களும், அவற்றின் அபாயத்தையும் அதே முனைப்புடன் எடுத்துச் சொல்லுமா?