மாதவிடாய் வலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோயைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை ஆண்டுகள்?

உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. ஆனால் வலி தொடங்கி நோயின் பெயர் தெரிவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிரிட்டனில் 2024இல் வெளியான ஓர் அறிக்கையின்படி சராசரி 8 ஆண்டு 10 மாதம்.

கருப்பையின் உட்சுவரில் இருப்பது போன்ற திசு சினைப்பையிலோ குடல் மேலோ வளர்வதே இந்நோய். வரப்பு தாண்டி விழுந்த நெல், பாசன நீர் பட்டதும் அங்கேயும் முளைக்குமே, அதுபோல. இங்கே நீர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதந்தோறும் இந்தத் திசுவும் தடித்துக் கசியும். கருப்பையின் கசிவுக்கு வெளியேற வழி உண்டு, இதற்கு இல்லை. அதனால் சுற்றிலும் அழற்சி, பிறகு தழும்பு. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு.

பின் ஏன் கண்ணில் படுவதில்லை?

மேலோட்டமான திட்டுகள் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. குடலருகே வளர்ந்தால் வயிற்றுக் கோளாறு போலத் தோன்றும். நோய் கொஞ்சமாக இருந்தும் வலி கடுமையாக இருக்கலாம். இவற்றைவிடப் பெரிய தடை, ‘மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்’ என்ற சமாதானம். தாமதத்தின் முதல் சில ஆண்டுகள் இப்படி வீட்டிலேயே கழிந்துவிடுகின்றன.

முன்பு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா செலுத்தும் அறுவை முறை) செய்து பார்த்தால்தான் உறுதி என்றிருந்தது. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதைத் தளர்த்தியது: ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம். பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவு வலி மாதாமாதம் வந்தால், மருத்துவரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.